கூமியின் ஆட்டுத்தோல் பை

லுணுகலைக் கடைத்தெருவுக்குக் கூமி முதன்முதலாக வந்த நாளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வில்லும் அம்புமாக வந்தாள் என்பார் ஒருவர். இடுப்பில் மரப்பட்டை கட்டி வந்தாள் என்பார் இன்னொருவர். உண்மையில் அவள் பூப்போட்ட ஒரு பழைய சீத்தைத் துணி உடுத்தி, கக்கத்தில் ஒரு சுரைக்குடுக்கையை இடுக்கிக்கொண்டு வந்தாள். நடந்த களைப்பில் ஸஹாப்தீன் முதலாளியின் கடைப்படியில் உட்கார்ந்தாள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் கடைத்தெரு எதையாவது இவ்வளவோடு விட்டதுண்டா?

ரயில் இன்னும் பதுளைக்கு வந்திராத காலம் அது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கி மட்டக்களப்புக்குப் போகும் வண்டிப் பாதையை நம்பித்தான் அந்தப் பக்கமே பிழைத்தது. லுணுகலையைச் சுற்றி மலையெல்லாம் தேயிலை. அதற்குக் கீழே இறங்கினால் நில்கலைக் காடு. அந்தக் காட்டில் இருந்த கூமியின் ஆட்களை ஊரார் வேடர் என்றார்கள். தேயிலைக்கும் பாதைக்கும் கடைக்கும் முன்னாலிருந்தே அங்கே இருப்பவர்கள். அதைச் சொல்லிப் பெருமைப்பட அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

அவர்கள் வியாபாரம் செய்த முறை தனி. தேன், மெழுகு, கடுக்காய், நெல்லி, எதுவானாலும் காட்டோரத்துப் பாறை ஒன்றின்மேல் வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் மறைந்துகொள்வார்கள். வண்டிக்காரன் வந்து பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடு என்று தன் மனசுக்குப் பட்டதை அங்கே வைத்துவிட்டுப் போவான். முகம் பார்ப்பதில்லை, பேச்சில்லை, தகராறில்லை. இந்த வழக்கத்தை வண்டிக்காரர்கள் மிகவும் மெச்சினார்கள். இப்படிப்பட்ட நல்ல ஜனங்களை எங்கேயும் கண்டதில்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் மனசுக்குப் பட்டது பெரும்பாலும் ஒரு கை உப்பு.

தேனீயின் பின்னால் போய்க் கூட்டைக் கண்டுபிடிப்பது கூமியின் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். தேனின் பின்னால் போனால் என்ன என்று அவளுக்கு ஒருநாள் தோன்றியது. போனாள். கூடவே அவள் புருஷன் ஹந்துனாவும் போனான். கரடியோடு கட்டிப் புரண்டு அதன் நகத்தடத்தைத் தோளில் வாங்கியவன் அவன். லுணுகலையின் முதல் கடை கண்ணில் பட்டதும் பாதையோரத்து மரத்தடியில் நின்றுவிட்டான். அங்கே ஆட்கள் அதிகமாக இருக்கிறார்கள் என்றும், ஒருவரும் ஒருவரையும் பார்த்து நடப்பதாகத் தெரியவில்லை என்றும், இது ஆபத்தான இடம் என்றும் சொன்னான். கூமி மட்டும் போனாள்.

ஸஹாப்தீன் முதலாளியின் கடையில் அவள் கண்டது உப்பு. சாக்குச் சாக்காக உப்பு. தங்கள் தேன் ஒரு குடுக்கைக்கு இங்கே என்ன கிடைக்கிறது என்பதையும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு தன் குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ஸஹாப்தீன் முதலாளி பேச்சால் பிழைத்தவர். எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. என்ன வேணும் என்று கேட்டார். உப்பு அளந்து வைத்தார். அவள் அசையவில்லை. ஒரு முழத் துணியைக் கிழித்து அதன்மேல் போட்டார். அவள் துணியைப் பார்த்துவிட்டு மறுபடி அவரைப் பார்த்தாள். கடைசியில் ஒரு கோடரி அலகை எடுத்து வைத்தபோதுதான் அவள் எழுந்து குடுக்கையை நீட்டினாள். போகும்போது மரியாதையாக, "வர்றேன் மச்சான்" என்றாள்.

கடைத்தெரு ஒரு கணம் நின்றுவிட்டது. கூமியின் ஆட்கள் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் தங்கள் பாஷையில் அப்படித்தான் அழைப்பார்கள். வழியில் தண்ணீர் கேட்டு நின்ற, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கருப்பம்மா என்ற பெண்ணிடம் அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். கருப்பம்மாவும் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். யாரிடம் சொல்லப்போகிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் வீட்டில் இருந்த முதலாளியின் மனைவி ஜெனீரா, அன்று பகல் முழுக்கத் தன் கணவருக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் "மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படித் தொடங்கியது. சில வருஷங்களில் கூமி லயத்துத் தமிழை நன்றாகவே பேசினாள். ஸஹாப்தீன் முதலாளியை "மொதலாளி" என்றும் ஜெனீராவை "உம்மா" என்றும் கூப்பிடக் கற்றுக்கொண்டாள். காட்டில் இருந்த குடும்பங்களின் தேனெல்லாம் அவள் கை வழியாகவே கடைக்கு வந்தது. காட்டோரத்தில் ஒரு களம் பெருக்கி, கடுக்காயும் நெல்லியும் காயப்போட ஏற்பாடு செய்தாள். வேட்டைக்குப் போக முடியாத கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அங்கே வேலை செய்து தங்கள் பங்கை வாங்கிப் போனார்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு, அவித்த வள்ளிக்கிழங்கும் தேன் கலந்த தண்ணீரும் விற்றாள். முன்பு பாறைமேல் ஒரு கை உப்பு வைத்துப்போன வண்டிக்காரர்களே அங்கே வரிசையாக உட்கார்ந்து கிழங்கு தின்றார்கள். அந்த ஜனங்களின் பழைய நல்ல குணம் இப்போது எங்கே போயிற்றோ என்று அவர்கள் வருத்தப்படுவதை, கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டே கூமி கேட்டுக்கொண்டிருப்பாள்.

காட்டில் இதை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று சொல்ல முடியாது. கூமியின் மாமன்மார்களுக்கு அவள் முகம் காட்டி வியாபாரம் செய்வது பிடிக்கவில்லை. ஆனாலும் கோடரி மழுங்கினால் அவளிடம்தான் வந்தார்கள். வந்தால் நேரே கேட்கமாட்டார்கள். வேண்டிய அம்பு அலகின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டி அவள் குடிசை வாசலில் வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் நிற்பார்கள். "மாமா, கால் தெரியுது" என்பாள் கூமி. கால் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸஹாப்தீன் முதலாளியின் மகள் நபீலாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதுளைக் கடைக்காரர்கள். அந்த வீட்டுப் பெரிய மனுஷி, மாப்பிள்ளையின் தாய் ஹம்ஸியா, எதிலும் குறை கண்டுபிடிப்பதில் பேர் போனவள்.

கூமிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெறுங்கையோடு போவாளா? அவளுடைய ஆட்களிடம் எல்லாவற்றிலும் உயர்ந்த பண்டம் ஒன்று உண்டு. மான் இறைச்சியை நெருப்பில் வாட்டிக் காயவைத்து, குடுக்கையில் போட்டு, மலைத்தேனை நிறைய ஊற்றி, மெழுகால் வாயை அடைத்து ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். பிறகு பெரிய நாள் என்று ஒன்று வந்தால்தான் திறப்பார்கள். கூமி தனக்கென்று வைத்திருந்த குடுக்கையையே எடுத்துவிட்டாள். ஹந்துனா அதைப் பார்த்த பார்வையில் மனைவியை விட்டுப் பிரிவதற்கு உண்டான துக்கம் இருந்தது. முதலாளி வீட்டுக்கு நாலு மான்கொம்பு கொண்டுபோய்க் கொடுத்தால் போதாதா என்று கேட்டான். கூமி குடுக்கையைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கல்யாண வீட்டின் பின்முற்றத்தில், உதவிக்கு வந்த லயத்துப் பெண்களோடு கூமியும் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெண்கள் பந்தி. ஜெனீரா வட்டிலப்பம் என்ற இனிப்போடு பரிமாற, கூமி கொண்டுவந்த குடுக்கையின் மெழுகை உடைத்துப் பளிங்குக் கிண்ணத்தில் தேனைச் சாய்த்தாள். தேனோடு கறுப்பாக, பளபளப்பாக ஏதோ சில துண்டுகளும் விழுந்தன. பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று ஜெனீரா பூரித்துப்போனாள். அதில் பெரிய துண்டாகப் பார்த்துச் சம்பந்தி ஹம்ஸியாவின் தட்டில் வைத்தாள்.

ஹம்ஸியா அதைக் கையில் எடுத்தாள். அவள் எதையும் பார்க்காமல் வாயில் போடுகிறவள் அல்ல. கொட்டையை எடுப்பதற்காக விரலால் பிளந்தாள். கொட்டை வரவில்லை. நார் நாராக வந்தது.

"லுணுகலைப் பேரீச்சம்பழத்துக்கு நார் ஈக்குதா?" என்று கேட்டாள்.

உள்ளே பேச்சு முழுதும் அடங்கியது. பின்முற்றத்தில் இருந்த கூமிக்கு அந்த அமைதி கேட்டது. தின்றுவிட்டு வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த கருப்பம்மாவை இடித்துச் சிரித்தாள். ஜெனீரா முகம் வெளுக்க வெளியே வந்து இது என்ன என்று கேட்டபோது, எழுந்து நின்று, கடைத்தெருவுக்கே கேட்கும்படி பெருமையாகச் சொன்னாள்.

"ஒரு வருஷம் ஊறின மான் எறச்சி, உம்மா. ஹந்துனா அம்பு போட்டது."

கல்யாணம் நல்லபடியாகவே முடிந்தது. தட்டுகளைக் கழுவினார்கள், கிண்ணத்தைக் கழுவினார்கள், ஹம்ஸியா கையைப் பலமுறை கழுவினாள். யாரும் வாயில் வைக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் பிஸ்மி சொல்லி அறுக்காத இறைச்சி அது. சும்மா போய்விடுமா? இத்தனை வருஷம் தாங்கள் கருஞ்சீரகத்தோடு குழைத்துத் தின்ற தேன் எதில் ஊறி வந்ததோ என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு எழுந்தது. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் மொஹிதீன் லெப்பையிடம் போனார்கள். அவர் சாந்தமான மனிதர், தேன் பிரியரும்கூட. அறியாமல் தின்றதற்குக் குற்றமில்லை என்று முதலில் தன்னையும் மற்றவர்களையும் தேற்றினார். பிறகு கூமியைக் கூப்பிட்டு, மலைப்பாறையில் அடை வெட்டும்போது தேனை எதில் பிடிக்கிறீர்கள் என்று விசாரித்தார். அவள் மறைக்கவில்லை. மான்தோல் பையில் என்றாள். மானை அறுத்தவர் யார்? அறுப்பதா, அம்புதான் என்றாள். லெப்பை நீண்ட மூச்சு ஒன்றை விட்டு, இனி இந்தத் தேன் வேண்டாம் என்றார்.

ஸஹாப்தீன் முதலாளி அதை அவளிடம் சொல்வதற்குள் மூன்று தரம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். தேன் மட்டுமா போயிற்று? தேனே அப்படியென்றால் கடுக்காய் எந்தப் பையில் வந்ததோ என்றார்கள். களத்தில் கடுக்காய் குவிந்து கிடந்தது.

கூமி காட்டுக்குத் திரும்பினாள். அது மலைத்தேன் வெட்டும் பருவம். காட்டில் பூ ஓய்ந்துவிட்டால் தேனீக்கள் தாங்கள் அடை கட்டிய மலைப்பாறையை விட்டுப் போய்விடும். அந்தத் தேனில்தான் வறட்சிக் காலம் முழுவதற்கும் உப்பும் துணியும் கோடரியும் அடங்கியிருந்தன. வெட்டியும் விற்க முடியாவிட்டால், பழையபடி காட்டோரத்துப் பாறைமேல் வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போகவேண்டியதுதான். வண்டிக்காரர்கள் இப்போதே பாறைப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மாமன்மார்கள் அவளைக் கண்டால் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். முகம் காட்டினால் இப்படித்தான் என்று அவர்களுடைய முதுகுகள் சொல்லின. கிழங்குக் கொட்டகையும் களமும் போவதைவிட, அந்த முதுகுகள் சொன்னது சரியாகிவிடுமோ என்பதுதான் அவளைக் குடைந்தது.

அவள் லயத்துக்குப் போய்க் கருப்பம்மாவிடம் கேட்டாள். அப்படி என்ன தப்பு செய்துவிட்டேன்?

"அவுங்க அறுத்ததத்தான் திம்பாங்க, கூமி. நாங்க மாடு திங்காத மாதிரி. ஒனக்கு யாரும் சொல்லலியா?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எறச்சிய தேனுக்குள்ள போட்டுக் குடுப்பேன்னு நான் சொப்பனமா கண்டேன்?"

மறுநாள் கூமி முதலாளி வீட்டுப் பின்கதவில் போய் உட்கார்ந்தாள். ஜெனீரா வந்து நின்று வேண்டியமட்டும் திட்டினாள். சம்பந்தி முன்னால் தலை குனிந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஹம்ஸியா இன்னும் பதுளை முழுக்க லுணுகலைப் பேரீச்சம்பழம் என்று சொல்லிச் சிரிப்பதைச் சொன்னாள். திட்டி முடிந்ததும், எத்தனை கோபம் இருந்தாலும் பின்கதவுக்கு வந்தவளுக்குச் சோறு போடாமல் இருக்க முடியாதாகையால், எப்போதும்போலத் தட்டில் சோறும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்தாள். கூமி எப்போதும்போல வாழையிலையை விரித்து அதைக் கட்டத் தொடங்கினாள்.

"எப்பவும் கட்டிக்கிட்டுப் போற. இண்டைக்கி எண்ட கண்ணுக்கு முன்னால தின்னு" என்றாள் ஜெனீரா. "எண்ட ஊட்டுச் சோறு ஒனக்கு அவ்வளவு கசப்பா?"

கூமி தட்டைப் பார்த்தாள். சோற்றைப் பார்த்தாள். இலையின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள்.

"உம்மா, எங்க ஆளுங்க கோழி திங்க மாட்டோம்."

"என்னது?"

"தொடவே மாட்டோம். பெரியவங்க காலத்துலேருந்து."

"அப்ப இத்தன வருஷமா நான் தந்தது?"

"கருப்பம்மா தின்னுரும்."

ஜெனீரா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கூமி வரும் நாளென்று தெரிந்தால் விடியற்காலையிலேயே கோழி பிடிக்கச் சொல்வாள். நெஞ்சுக்கறியாகப் பார்த்து எடுத்து வைப்பாள். அவ்வளவும் ஒரு லயத்துக்காரியின் வீட்டுக்குப் போயிருக்கிறது.

"ஏன் புள்ள முன்னாலயே செல்லல்ல?"

"நீங்க ஆசையாக் குடுத்தீங்க. எப்பிடிச் சொல்றது?"

ஜெனீரா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று கூமி பயந்தாள். சிரிப்பு அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் ஜெனீரா கோழிக்கறித் தட்டை எடுத்துப் போய், பருப்பும் பூசணிக்காயும் வைத்துக் கொண்டுவந்தாள். கூமி அந்த வீட்டில் முதன்முதலாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஜெனீரா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதென்று நினைத்துக் கொடுத்த ஒன்றைத் தானும்தான் இத்தனை நாள் இவள் மடியில் கட்டிவிட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆளை அனுப்பி லெப்பையை அழைத்து வரச்சொன்னாள்.

மொஹிதீன் லெப்பை வந்து முன்விறாந்தையில் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஜெனீரா கேட்டாள். குற்றம் தேனிலா, பையிலா? பையில்தான் என்றார் லெப்பை. அறுத்த ஆட்டின் தோலை முறையாகப் பதப்படுத்திப் பை தைத்தால்? அதில் என்ன தடை இருக்கிறது என்றார். எந்த ஆடு, யார் அறுத்தது என்பதெல்லாம் தெரிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"நீங்க அறுத்ததுதான்" என்றாள் ஜெனீரா. "கலியாணத்துக்கு அறுத்த ஆட்டுத் தோலெல்லாம் வேலியில காயுது, பாருங்க."

லெப்பை வேலியைப் பார்த்தார். தன் கைவேலையைத் தானே மறுக்க அவருக்கு வழியில்லை. முகம் மலர்ந்ததைத் தாடி கொஞ்சம் மறைத்தது.

தோல்களைச் சுமந்துகொண்டு கூமி போனாள். கடுக்காய்த் தண்ணீரில் ஊறினால் தோல் பதமாகும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். விற்காத கடுக்காயோ களம் நிறையக் கிடந்தது. கிழவர்கள் இடித்தார்கள், பெண்கள் ஊறவைத்தார்கள், கூமி தேய்த்தாள், உலர்த்தினாள், மறுபடி ஊறவைத்தாள். இதற்குள் பூ ஓயத் தொடங்கிவிட்டது. கடைசியில் பழைய பையின் மாதிரியைப் பார்த்து நரம்பால் தைத்து, ஒரு பையை ஹந்துனாவின் முன்னால் வைத்தாள்.

ஹந்துனா அதை மோந்து பார்த்தான்.

"இது ஆடு" என்றான்.

"ஆடுதான்."

"ஆட்டைத் தோளில மாட்டிக்கிட்டு நான் பாறையில எறங்கணுமா? செத்துப்போன பாட்டன்மார் பாத்தா என்ன சொல்லுவாங்க? தேனீ என்ன சொல்லும்?"

தேனீ என்ன சொல்லும் என்று கூமிக்குத் தெரியவில்லை. மாமன்மார்களுக்குத் தெரிந்திருந்தது. மான்தோலின் வாசம் கண்டால்தான் பெரியவர்களின் ஆவி காவலுக்கு நிற்கும், ஆட்டு வாசம் கண்டால் விலகிவிடும், பாறையில் இறங்கும் கொடி அறுந்துவிடும் என்றார்கள். இதையெல்லாம் அன்று அவர்கள் மரத்துக்குப் பின்னால் போகாமல் நேரில் நின்றே சொன்னார்கள். அவ்வளவு கோபம்.

அந்த ஜனங்களிடம் தேன் கட்டும் பாறைக்குச் சொந்தக்காரர் உண்டு. கூமியைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பன் கொடுத்த சீதனமே அந்தப் பாறைதான். கல்யாணமான நாளிலிருந்து ஹந்துனா அதை என் பாறை என்று சொல்லிவந்தான். கூமியும் அதைத் திருத்தியதில்லை. திருத்தவேண்டிய நாள் இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

"பாறை எங்க அப்பன் எனக்குக் குடுத்தது" என்றாள். "என் பாறைக்கு எந்தப் பைன்னு நான்தான் சொல்லணும்."

"அப்ப நீயே எறங்கு."

கூமி துணியை இறுக்கி முடிந்துகொண்டாள். பெண்கள் பாறையில் இறங்கும் வழக்கம் கிடையாது. பாறை உச்சியில் கொடியைப் பிடித்துக்கொள்பவன் எப்போதும் மனைவியின் உடன்பிறந்தவன்தான். தங்கையோ அக்காளோ தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. கூமியின் தம்பி அங்கேதான் நின்றான். இதுவரை ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது பேசினான். அக்காள் இறங்கினால் இன்னும் கெட்டியாகப் பிடிப்பேன் என்றான்.

ஹந்துனா அவளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். பிறகு பையைப் பறித்துத் தோளில் மாட்டிக்கொண்டான். ஒரே ஒரு தரம்தான் என்றான். தேனீ வழக்கத்துக்கு மேல் கொட்டினால் பையை அங்கேயே எறிந்துவிடுவேன் என்றான். மாமன்மார்களும் என்ன நடக்கிறதென்று பார்க்க உச்சிக்கு ஏறினார்கள்.

பொழுது சாயும் நேரம். கீழே புகை மூட்டினார்கள். இறங்குவதற்கு முன் பெரியவர்களை அழைத்துப் பாடும் பாட்டை ஹந்துனா பாடினான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அன்று அதன் நடுவில் ஒரு புது வரி வந்தது. பை என்னுடையதல்ல, பெண்டாட்டியுடையது என்று அதற்குப் பொருள். கூமிக்குச் சிரிப்பு வந்தது. தேன் பாறையில் சிரிக்கக் கூடாதாகையால் தம்பியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் விளிம்பைத் தாண்டி இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது. கொடி இறுகி, முறுகி, பாறையில் உரசியது. கீழே தேனீக்களின் இரைச்சல் எழுந்தது. அந்த இரைச்சல் எத்தனையோ தரம் கேட்டதுதான். இன்று அது வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆவி விலகிவிட்டதா என்று மாமன் ஒருவர் காதைச் சாய்த்தார். இந்தப் பையை மாட்டவைத்தது நான்தானே என்று கூமி விளிம்பை நோக்கி நகர்ந்தாள். உப்பும் வேண்டாம் துணியும் வேண்டாம், மேலே வந்துவிடு என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் கொடி இழுபட்டது. தம்பி பிடியை மாற்றிக்கொண்டு தூக்கினான். முதலில் ஒரு கை வந்தது. பிறகு புகை படிந்த முகம். புருவத்துக்கு மேல் ஒரே ஒரு வீக்கம்.

ஹந்துனா பையை இறக்கி வைத்தான். அது நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"சின்னப் பை" என்றான். "அடையில பாதி அங்கேயே நிக்குது."

மறுபடியும் இறங்கினான். யாரும் சொல்லாமலே இறங்கினான். மாமன்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பெரியவர்களுக்கு ஆட்டின்மேல் எந்தக் காலத்திலும் பகை இருந்ததில்லை என்று ஒருவர் நினைவுபடுத்திக்கொண்டார்.

கூமி தேன் பையோடு போனதும் லுணுகலையில் கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மொஹிதீன் லெப்பை பையைத் திருப்பிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், மோந்தார். தோலில் இருந்த ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, இது தனக்குத் தெரிந்த ஆடுதான் என்றார். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். ஸஹாப்தீன் முதலாளியால் பொறுக்க முடியவில்லை.

"லெப்பை, என்ன செல்றீங்க?"

"ஒரு தரத்துல செல்ல ஏலாது" என்று லெப்பை மறுபடி தொட்டு வைத்தார். நன்றாகத் தீர்மானமாகும்வரை தொட்டு வைத்தார். கடைசியில் தலையை அசைத்தபோது அவர் தாடியில் ஒரு துளி தொங்கியது. அன்றே தேன் விற்றுத் தீர்ந்தது. அந்த வாரமே பதுளையிலிருந்து ஹம்ஸியா தனக்கு இரண்டு போத்தல் எடுத்து வைக்கும்படியும், நாரில்லாமல் இருந்தால் நல்லதென்றும் சொல்லி அனுப்பினாள்.

கூமி அதற்குப் பிறகு மான்தோல் பையை விட்டுவிடவில்லை. அதில் எடுத்த தேன் லயங்களுக்குப் போயிற்று. தேனில் ஊறிய மான் இறைச்சியைக் கருப்பம்மா ஒருதரம் ருசி பார்த்துவிட்டு, தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆட்டுப் பைத் தேனுக்கு ஒரு குடிசை, மான் பைத் தேனுக்கு ஒரு குடிசை என்று ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கட்டினாள். ஒரு குடிசையில் வேலை செய்தவர்கள் மற்றதற்குப் போகும்போது ஆற்றில் குளித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சட்டமும் போட்டாள். மாமன்மார்களுக்கு இதனால் வாழ்க்கையில் கண்டிராத அளவு குளியல் வாய்த்தது.

தேன் பருவம் முடிந்து கூமி கடைத்தெருவிலிருந்து சாமான்களோடு திரும்பிய நாளில், துணியும் உப்பும் கோடரி அலகும் வீடு வீடாகப் பிரிந்து போயின. ஹந்துனா தன் பங்கு உப்பை ஓரமாக வைத்துவிட்டு, காலியான ஆட்டுத்தோல் பையைக் கையில் எடுத்து விரித்து, தன் கையால் அதன் நீளத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்ததாக ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, முதலாளி வீட்டில் ஆடு அறுப்பார்கள், தோலெல்லாம் தனக்குத்தான் என்று சொல்லிவைத்துவிட்டு வந்திருப்பதாகக் கூமி சொன்னாள்.

"கொஞ்சம் பெரிய ஆடாப் பாத்து அறுக்கச் சொல்லு" என்றான் ஹந்துனா.